எட்டு ஜெபத்துக்குள் ஒரு டோக்கன்

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க தம்பி. இந்தச் சுருளை உங்க சீட்டுக்குக் கீழ தள்ளிக்கிறேன். பயப்படாதீங்க, கேபிள் ஒயர்தான். மேல வச்சா கண்டக்டர் லக்கேஜுன்னு சண்டைக்கு வர்றான். நடுத்துறையில ஏறும்போதே ஒரு தடவை கத்தியாச்சு. "பாட்டி, இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்"ங்கிறான். யாருடா உனக்குப் பாட்டி? ஐம்பத்தொம்பது வயசுதான் ஆகுது. நேத்து சாயங்காலம்கூட கம்பத்துல ஏணி போட்டு ஏறினவ நான்.

தம்பின்னு கூப்பிடுறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மீசை நரைச்சிருந்தாலும் எனக்குத் தம்பிதான். எந்த ஊரு? வெள்ளமணலா? அட, எங்க ஊருக்கு அடுத்த ஊரு. அங்க நெட்டு எப்படி இருக்கு? மகள் பரீட்சைக்கு விண்ணப்பம் போட மொட்டைமாடிக்கு ஏறுதா? வெயில்லயா? பாவம் பிள்ளை. இருங்க, அதைப் பிறகு பேசுவோம்.

நான் மதுரைக்குப் போறேன். சண்டை போட.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். எனக்கு மேல லைன் குடுக்கிற கம்பெனி மதுரையில இருக்கு. "உங்க லைன்ல குறை இருக்குன்னு புகார் வந்திருக்கு, விளக்கத்தை மெயில்ல அனுப்புங்க"ன்னு கடுதாசி போட்டிருக்கான். நான் அஞ்சாவதோட நின்னவ. மெயில்ல என்ன விளக்கத்தை எழுதுவேன்? நேர்ல வந்தே விளக்குறேன்டான்னு கிளம்பிட்டேன். இது என் லைன்ல ஓடுற அதே ஒயர். மேசை மேல வைக்கப் போறேன். எங்கடா குறை, காட்டுன்னு கேக்கப் போறேன்.

நடுத்துறையில பிரகாசியம்மான்னா சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். எங்க வீட்டுக்காரர் கபிரியேல் கேபிள் டிவி நடத்தினார். அவர் போய்ச் சேர்ந்ததும், "பொம்பளை கம்பம் ஏறுவாளா, வித்துட்டுப் போ"ன்னாங்க. ஏறினேன். டிவி போய் நெட்டு வந்துச்சு. அதையும் பழகிக்கிட்டேன். எட்டு நிறக் கம்பியையும் இருட்டுல தடவியே வரிசைப்படுத்துவேன். ஊர்ல இருக்கிற லைன்லேயே பெரிய லைன் விசைப்படகு சங்கத்துக்குப் போற லைன். அது போச்சுன்னா மத்ததை வச்சு நான் பொழைக்கலாம். ஆனா பேர் போயிரும். பிரகாசி லைன் ஓட்டை லைன்னு ஒரு தடவை சொல்லிட்டான்னா கதை முடிஞ்சுது.

உங்களுக்குத் தெரியாததா, வாரத்துல மூணு நாள்தான் விசைப்படகுக்குக் கடல். மத்த நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூணு நாள்லயும் காலையில ஆறு மணிக்குச் சங்கத்துல டோக்கன் வாங்கினாத்தான் நங்கூரத்தைத் தூக்கலாம். தொண்ணூறு படகு. முன்னாடி ஜெனோவாதான் டோக்கன் குடுக்கும். ஜெனோவா என் மருமக. மகன் கப்பல் வேலையில இருக்கான், இவ சங்கத்துல கம்ப்யூட்டர் பாக்கிறா. எப்படிப் பாப்பாங்கிறீங்க? படகு நம்பர் ஒரு பக்கம், கடலுக்குப் போற ஆளுங்க அடையாள அட்டை ஒரு பக்கம், காத்து மழை ஒரு பக்கம், டீசல் ஒரு பக்கம், இன்சூரன்ஸ் ஒரு பக்கம். அஞ்சையும் தொறந்து வச்சிருப்பா. இன்சூரன்ஸ் பக்கம் சுத்திக்கிட்டே நின்னா, "அண்ணே, நீங்க ஓரமா நில்லுங்க, அடுத்த படகு யாரு?"ம்பா. காத்து மழையைக் காலையில ஒரு தடவை பாத்துக்குவா. கடல் ஒண்ணுதானே, தொண்ணூறு படகுக்கும் தொண்ணூறு தடவையா பாக்கணும்? ஏழு மணிக்குள்ள துறை காலியாயிரும்.

இது நல்லாத்தானே போச்சு? ஆனா நம்ம செயலாளருக்குப் பொறுக்கல. ரெமிஜியுஸ்னு பேரு. எனக்குக் கொழுந்தன் முறை, மதினி மதினிம்பான். நல்ல மனுசன்தான், புதுசா எதையாவது பாத்தா மட்டும் கை சும்மா இருக்காது. சென்னைக்குப் போயிட்டு வந்து, "மதினி, இனிமே ஒரே பட்டன்"ன்னான். அஞ்சு பக்கத்தையும் ஒண்ணாத் தைச்சு ஒரே ஆப்பு. படகுக்காரன் போன்ல ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், சங்கத்துக் கம்ப்யூட்டரே ஒவ்வொரு இடமா போய் விசாரிச்சுட்டு வந்து டோக்கனைக் குடுத்துரும். ரிப்பன் கட்டி, சாமியாரைக் கூட்டி வந்து மந்திரிச்சு, லட்டு குடுத்து ஆரம்பிச்சான். நானும் ரெண்டு லட்டு தின்னேன். இல்லைன்னு சொல்லல.

அஞ்சோட நிறுத்தினானா? ஐஸ் பிளான்டுல ஐஸ் இருக்கான்னு ஒண்ணு சேர்த்தான். மதுரைச் சந்தை விலைன்னு ஒண்ணு. பிறகு, சொன்னா நம்ப மாட்டீங்க, படகுக்காரருக்கு இன்னைக்குப் பிறந்தநாளான்னு பாத்து வாழ்த்து சொல்றதுக்கு ஒண்ணு. ஏன்டா, கடலுக்குப் போறவனுக்குக் காலங்காத்தால கேக்கா வெட்டப் போற? "ஒரு சின்ன விஷயம்தானே மதினி"ங்கிறான். எல்லாமே சின்ன விஷயம்தான். மனுசனுக்கு ஒரு அளவு தெரிய வேண்டாமா? இருக்கிறது மேல ஒண்ணு ஒண்ணா ஏத்திக்கிட்டே போனா அது தாங்குமா?

முதல் வாரம் ஓடுச்சு. ரெண்டாவது வாரம் திங்கக்கிழமை, ஆறு மணிக்குத் தொண்ணூறு பேரும் அமுக்கினாங்க. ஆறரை. ஏழு. பட்டன் சுத்துது. சுத்தி முடிச்சு, "மன்னிக்கவும், மீண்டும் முயற்சிக்கவும்"ங்குது. மீண்டும் அமுக்கிறான். மறுபடியும் மன்னிக்கவும். எட்டரைக்கு முப்பது படகுதான் போயிருக்கு. ஐஸ் உருகித் தண்ணியா ஓடுது. மத்தவன் எல்லாம் சங்க வாசல்ல நிக்கிறான். உள்ள இருந்து ரெமிஜியுஸ் ஒரு வார்த்தை சொன்னான். "லைன் சரியில்ல."

போதாதா? ஜஸ்டின்னு ஒரு படகுக்காரன், என் கண்ணு முன்னால என் பிள்ளை மாதிரி வளந்தவன், மீன் அறுக்கிற கத்தியை எடுத்துட்டுப் போய் ஜன்னல் பக்கம் இருந்த ஒயரை ஒரே வெட்டு. "எடுத்துட்டுப் போங்க பெரியம்மா உங்க லைனை"ங்கிறான்.

நான் அழுவேன்னு பாத்தாங்க போல. வாசல்லயே உக்காந்தேன். மடியில இருந்து சாமானை எடுத்தேன். முனையைச் சீவி, எட்டுக் கம்பியையும் பிரிச்சு, வரிசையாப் பிடிச்சு, கிளிப்பை வச்சு நெரிச்சேன். ஒரு கூட்டமே சுத்தி நிக்குது. மாட்டினதும் சங்கத்து நெட்டுப் பெட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுது. "இன்னொரு தடவை வெட்டுடா, இன்னொரு தடவை ஒட்டுவேன். உன் கத்தி மழுங்குற வரைக்கும் ஒட்டுவேன்"னேன். அவன் கத்தியை முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டான்.

ஒட்டினாப் போதுமா? குறை என்னுது இல்லைன்னு எப்படிக் காட்டுறது? சென்னையில ஆப்பு செஞ்ச பையன் பேரு கௌஷிக். போன் போட்டா, "எங்க பக்கம் எல்லா சர்வீஸும் தனித்தனியா நல்லா இருக்கு மேடம்"ங்கிறான். தனித்தனியா எல்லாரும் நல்லவங்கதான்ப்பா, ஒரே வீட்டுல குடி வச்சாத்தானே தெரியும்? எனக்குக் காது கூர்மை தம்பி. அவன் "எல்லா"ங்கும்போது குரல் இறங்குச்சு. அங்க ஏதோ இருக்குன்னு பிடிச்சுக்கிட்டேன்.

எங்ககிட்ட லைனை அளக்கிற மிஷின் கிடையாது. ஆனா ஜெபமாலை இருக்குல்ல? நாப்பது வருசமா சொல்றேன், ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபத்துக்கு ஆகிற நேரம் எனக்குக் கூடவும் போகாது, குறையவும் குறையாது. ஜெனோவா கடிகாரம் வச்சுப் பாத்தா, எட்டு ஜெபம் சரியா ஒரு நிமிஷம். ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல ஒரு படகும் கடலுக்குப் போகாது. பூசை முடிஞ்ச கையோட ரெமிஜியுஸைச் சங்கத்துக்கு இழுத்துட்டு வந்தேன். ஜெனோவா வந்தா. வெட்டின ஜஸ்டினையும் கூப்பிட்டேன், அவன்தான் பட்டனை அமுக்கணும்னு. கௌஷிக் போன்ல முகத்தைக் காட்டிக்கிட்டு இருந்தான்.

"அமுக்கு."

நான் பெட்டி லைட்டைப் பாத்துக்கிட்டு ஜெபமாலையை உருட்டுறேன். ஒயர்ல சாமான் போகும்போது லைட்டு துடிக்கும். அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திருந்தா லைட்டு சும்மா நிக்கும். அவ்வளவுதான் கணக்கு. படகு நம்பருக்கு ஒரு ஜெபம். ஆளுங்க அட்டைக்கு ரெண்டு, அதுல போட்டோ எல்லாம் வருது, லைட்டு நிக்காமத் துடிக்குது. காத்து மழைக்கு ஒண்ணு. டீசலுக்கு ஒண்ணு. பிறகு இன்சூரன்ஸ். லைட்டு தூங்கிருச்சு. ஒரு ஜெபம், ரெண்டு ஜெபம், மூணு. நாலாவது மணியைத் தொடுறதுக்குள்ள, "மன்னிக்கவும்."

"என்ன கௌஷிக், ஏன் மன்னிக்கணும்?"

"மேடம், மொத்தமா ஒரு நிமிஷத்துல முடியலைன்னா விட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

"முதல்ல இருந்துன்னா?"

"படகு நம்பர்ல இருந்து."

"அப்போ ஆளுங்க போட்டோ எல்லாம் மறுபடியும் என் ஒயர் வழியா வருமா?"

ஆமாங்கிறான். மூணு தடவை அதுவே ஆரம்பிக்குமாம். அதுக்கு மேல பொறுமையில்லாமப் படகுக்காரன் வேற அமுக்குவான். தொண்ணூறு படகுன்னு நினைச்சீங்களா? முந்நூறு, நானூறு படகு கேக்கிற மாதிரி கேக்குது என் லைன்ல. வராத டோக்கனுக்கு வந்த போட்டோவே திரும்பத் திரும்ப வந்து வழியை அடைக்குது. அடைச்சது இவனுங்க, பழி எனக்கு.

ரெமிஜியுஸுக்கு இன்னும் ஏறல. "லைன் வேகமா இருந்தா இன்சூரன்ஸும் வேகமா வரும்ல மதினி?"

"கொழுந்தனாரே, நீ உன் பொண்டாட்டி வீட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டு மாமனாரைக் கூப்பிடுற. அவர் பல்லு விளக்கிட்டு வர நேரமாகுது. நீ பைக்ல போனா என்ன, நடந்து போனா என்ன?"

ஜஸ்டின்தான் முதல்ல சிரிச்சான். சிரிச்சுட்டு, "பெரியம்மா, மன்னிச்சுக்கங்க"ன்னான். "நீயும் அந்த ஆப்பு மாதிரி சொல்லாதடா, நேராச் சொல்லு"ன்னேன். காலைத் தொட வந்தான், தட்டி விட்டேன்.

பிறகு கௌஷிக்கைப் போன்லயே உக்கார வச்சுப் பேசினேன். இன்சூரன்ஸை முந்தின நாள் சாயங்காலமே கேட்டு வச்சுக்கோ. காத்து மழையை எல்லாத்துக்கும் சேத்து ஒரு தடவை கேளு. சும்மா வரிசையில நிக்க வைக்காம, படகு நம்பரையும் டீசலையும் ஒரே நேரத்துல கேளு. பிறந்தநாளைத் தூக்கிக் கடல்ல போடு. என் மருமக கையால செஞ்சுக்கிட்டு இருந்த வேலைதானேடா இது? "நல்ல யோசனை மேடம்"ங்கிறான், என்னமோ புதுசாக் கேக்கிற மாதிரி. ரெண்டே நாள்ல மாத்தினான். அதையும் சொல்லணும், நல்ல பையன்.

ஜெயிச்சாச்சுல்ல? அப்புறம் எதுக்கு மதுரைன்னு கேக்கிறீங்க. கேளுங்க.

மாத்தின பிறகு ஞாயித்துக்கிழமை அமுக்கினா மூணே ஜெபம். தங்கம் மாதிரி டோக்கன் வருது. ஆனா கடல் நாள்ல, அந்த ஆறு மணிக்கு, ஆளுங்க அட்டை போட்டோ வர்ற இடத்துல மட்டும் இழுக்குது. அஞ்சு, ஆறு, சில நேரம் எட்டைத் தாண்டிருது. தாண்டினா மறுபடியும் மன்னிக்கவும்தான். ரெமிஜியுஸ் இப்போ பேச்சை மாத்திட்டான். "மதினி, மத்ததையெல்லாம் சரி பண்ணியாச்சு. மிச்சம் இருக்கிறது உங்க லைன்தான்." நான் விடுவேனா? போட்டோ பெருசுடான்னேன். தொண்ணூறு பேரும் ஆறுக்கே ஏன்டா அமுக்கிறீங்கன்னேன். அவன் மதுரைக்குப் புகார் எழுதிட்டான். நாளைக்குச் சங்கக் கூட்டம். பிரகாசி லைனை எடுத்துட்டு வேற கம்பெனி லைன் போடலாமான்னு ஓட்டெடுப்பு. அதுக்குள்ள நான் மதுரையில ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வந்தாகணும்.

ஜெனோவா வேற. வீட்டுக்குள்ளயே ஒரு எதிர்க்கட்சி. "அத்தே, அந்த லைட்டு துடிக்கிற நேரம் நம்ம நேரம். அதைச் சங்கத்து மேல போட முடியாது"ங்கிறா. "அந்தக் கிளையெல்லாம் கழட்டிப் பாத்தா என்ன?"ன்னு மூணு நாளா அரிக்கிறா.

என்ன கிளையா? அது ஒண்ணும் இல்ல தம்பி. சங்கத்துப் பின்சுவர்ல ஒரு பெட்டி வச்சு, அதுல இருந்து ரெண்டு மூணு பேருக்குச் சின்னதா இழுத்து விட்டிருக்கேன். கோயிலுக்கு ஒண்ணு. காலை ஆறு மணிப் பூசையைத் துபாய்ல இருக்கிற நம்ம பிள்ளைங்க போன்ல பாக்குதுங்க, அதை நிறுத்தச் சொல்றீங்களா? என் தங்கச்சி லூர்து வீட்டுக்கு ஒண்ணு. முந்தின நாள் விட்டுப்போன சீரியலை அவ காலையில பாப்பா, முட்டு வலிக்காரி, வேற என்ன சந்தோசம் அவளுக்கு? டீக்கடை டிவிக்கு ஒண்ணு. ஐஸ் பிளான்டு கேமராவுக்கு ஒண்ணு. முடிவெட்டுற கடைக்கு ஒண்ணு. தையக்காரி ரோணிக்கா வீட்டுக்கு. கூட்டுறவுக் கடை வாட்ச்மேனுக்கு. எத்தனை ஆச்சு, ஏழா? ஏழுதான். காசுக்காகவா குடுக்கிறேன்? ஒருத்தர் வாசல்ல வந்து நின்னு, "அக்கா, ஒரு சின்னக் கிளை"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்ல வாய் வருமா? எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவே அப்படித்தான். அது சேவை. ரெமிஜியுஸ் பண்ணின கூத்தையும் இதையும் ஒண்ணா வைக்கிறா என் மருமக.

இருங்க, போன் அடிக்குது. அவதான். நூறு ஆயுசு.

ஆங், சொல்லு ஜெனோவா. பரமக்குடி வரப் போகுது. என்னது? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரையுது. தொண்ணூறு படகும் கிளம்பிருச்சா? ஆறு அம்பதுக்கேவா? அட்டைக்கு எத்தனை ஜெபம்? ரெண்டா! நல்லா எண்ணினியா? நீ வேகமாச் சொல்லுவியே. சரி, சரி. பக்கத்துல யாரு, ரெமிஜியுஸா? குடு அவன்கிட்ட.

சொல்லு கொழுந்தனாரே. ம். ம். மதுரைக்கு நீயே போன் பண்ணிப் புகாரை எடுத்துட்டியா? ஓட்டெடுப்பு? அதுவும் இல்லையா? இப்போ சொல்லு, யாரு லைனு ஓட்டை லைனு? இன்னொரு தடவை சொல்லு, என் காதுல விழல. ஆங், அப்படிச் சொல்லு. போனை அவகிட்ட குடு.

ஜெனோவா, பாத்தியா? நான் சொன்னேன்ல? என் லைன்ல ஒரு குறையும்... என்ன பண்ணின? நான் பஸ் ஏறினதும் கழட்டினியா? ஏழையுமா? யாரைக் கேட்டுடீ கழட்டின? கோயில் கிளையையுமா? அதனாலதான் வேகமா வந்துச்சாம், பெருசா கண்டுபிடிச்சுட்டா. இன்னைக்கு லைன் நல்லா இருந்துச்சு, வந்துச்சு. லைன் நல்ல லைனுன்னு நான் முதல் நாள்ல இருந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்? வை போனை. வந்து பேசிக்கிறேன்.

பாத்தீங்களா தம்பி, ஜெயிச்சுட்டேன். ஒயரை மேசையில வைக்காமலே ஜெயிச்சுட்டேன். ஏன் ஒரு மாதிரி பாக்கிறீங்க? சிரிப்பை அடக்காதீங்க, சிரிச்சுருங்க. சந்தோசமான விஷயம்தானே.

மறுபடியும் போனு. லூர்து. என்னடி? சீரியல் சுத்துதா? சுத்தலையா, வரவே இல்லையா? அழாதடி. அது அந்த மருமக பண்ணின வேலை. சாமியாரும் தேடுறாரா? துபாய்ல இருந்து போனா? சொல்லு அவர்கிட்ட, பிரகாசி வந்துக்கிட்டு இருக்கா, சாயங்காலத்துக்குள்ள ஏழும் எரியும்னு சொல்லு.

கண்டக்டர்! பரமக்குடி ஸ்டாண்டுல என்னை இறக்கி விடு. மதுரையா? மதுரையில எனக்கு என்ன வேலை? இங்கேயே எதிர் பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போறேன். டிக்கெட் போனாப் போகுது. கத்தாதப்பா, பாட்டி இறங்கிட்டுப் போறேன்.

அந்தச் சுருளைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி. முப்பது அடிதான், வெயிட் இல்ல. உங்க ஊருல உங்க வீடு எந்தப் பக்கம்னு சொன்னீங்க? உப்பளத்து ரோட்டுலயா? அது எங்க சங்கத்துப் பின்சுவர்ல இருந்து நேர் கோடு. பதினாறு கம்பம் வரும், இருக்கட்டும். அந்தப் பிள்ளை இனிமே பரீட்சைக்காக மாடியில போய் வெயில்ல நிக்க வேணாம். திங்கக்கிழமை வர்றேன்.

இதுக்கு எதுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு? ஒரு சின்னக் கிளைதானே தம்பி.